கைகள் பேசும் மொழி

கேமரன் மலை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டங்களே. பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ள இம்மலைப்பகுதியில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலை நிறுவனம் தன் பணியைத் தொடங்கியது. காட்டை வெட்டித் திருத்திச் செடி நட்டவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரங்களில் வாழ்கின்றனர்.

தோட்டத்து வாழ்க்கையில் ஒலிக்குப் பெரிய இடமுண்டு. விடியற்காலையில் பெரட்டுக்கு அழைக்கும் மணி, கொழுந்து ஏற்ற வரும் லாரியின் ஹாரன், பள்ளி மணி, கோயில் மணி, மழைக்காலத்தில் ஆபத்தை அறிவிக்கும் சைரன் என நாள் முழுவதும் ஒலியே மக்களை அழைக்கிறது; எச்சரிக்கிறது; ஒன்றுகூட்டுகிறது. இந்த ஒலிகள் எட்டாத ஒருவர் அதே தோட்டத்தில் எவ்வாறு வாழ்கிறார்? அவருக்கு நாடு என்னென்ன உதவிகளை வழங்குகிறது? அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

இக்கேள்விகளுக்கு விடை காணும்போது ஓர் உண்மை புலப்படும். உதவிகள் பல உள்ளன. ஆனால், மலைத்தோட்டத்தில் வாழும் குடும்பம் அவற்றுள் பலவற்றை மலையிறங்கித் தேடிச் செல்ல வேண்டும். அதுவும் காலத்தோடு செல்ல வேண்டும். எந்த அலுவலகமும் தர முடியாத ஓர் உதவியும் உண்டு. அது, பேசுவதற்கு ஆள்.

செவித்திறன் குறைபாடு என்பது என்ன?

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். காதோடு காதாக இரகசியம் பேசும் ஒலி ஏறக்குறைய 30 டெசிபல். இருவர் இயல்பாக உரையாடும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபல். 20 டெசிபல் அல்லது அதற்கும் குறைந்த ஒலியை இரு காதாலும் கேட்கக்கூடியவரின் செவித்திறன் இயல்பானது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்குமேல் ஒலியைக் கூட்டினால்தான் கேட்கிறது என்றால், அது செவித்திறன் குறைபாடாகும்.

இக்குறைபாடு எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலர் எதிரில் நின்று பேசினால் புரிந்துகொள்வர்; கூட்டத்தில் தடுமாறுவர். சிலருக்குச் செவித்துணைக் கருவி போதும். சிலருக்கு இடியோசைகூட ஓர் அதிர்வாக மட்டுமே தெரியும். ஆகவே, 'காது கேளாதவர்' என்று எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. அதைவிடத் தவறானது 'ஊமை' என்னும் சொல். பிறவியிலேயே காது கேளாதவர்களுள் பெரும்பாலோரின் குரல்வளையில் எக்குறையும் இல்லை. பிறர் பேச்சைக் கேட்டுத்தான் குழந்தை பேசப் பழகுகிறது. கேட்க வழியில்லாத குழந்தைக்குப் பேச்சு தானாக வருவதில்லை, அவ்வளவுதான்.

உலகில் 150 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைபாடு உள்ளது. அவர்களுள் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது. 2021ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இதனைத் தெரிவிக்கிறது. குழந்தைகளுக்கு ஏற்படும் செவித்திறன் இழப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் நேர்கிறது என்பதையும் அந்நிறுவனம் சுட்டிக்காட்டுகிறது. கருவுற்ற தாயைத் தாக்கும் ருபெல்லா நோய், மூளைக்காய்ச்சல், சீழ் வடியும் காதைக் கவனிக்காமல் விடுதல் முதலியவை அக்காரணங்களுள் சில. தடுப்பூசியும் உரிய நேரத்துச் சிகிச்சையும் பல குழந்தைகளின் செவியைக் காப்பாற்றிவிடும்.

காலம் கடந்தால் மொழி கடந்துவிடும்

தோட்டத்தில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. கதவு 'தடால்' என்று சாத்தப்படும்போது குழந்தை திடுக்கிடவில்லை. ஆறு மாதமாகியும் ஒலி வரும் பக்கம் திரும்பவில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கவில்லை. 'அம்மா', 'அப்பா' என்ற சொற்களும் வரவில்லை. "அவன் அப்பனும் இப்படித்தான். மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுகின்றனர். அன்பினால் கூறப்படும் இந்த ஆறுதலே குழந்தைக்குப் பெரும் இழப்பாக முடியலாம்.

மனித மூளை மொழியை மிக எளிதாகப் பற்றிக்கொள்வது வாழ்வின் முதல் சில ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகளில் எந்த மொழியும் கிடைக்காத குழந்தை, பின்னர் எந்த மொழியைக் கற்பதற்கும் மிகுந்த இடர்ப்பட நேரும். எண்ணுவதற்கும், காரணம் கேட்பதற்கும், மனத்தில் உள்ளதைச் சொல்வதற்கும் மொழி வேண்டும். வயிற்றுவலி எங்கே, எப்போது தொடங்கியது என்று சொல்வதற்கும் மொழி வேண்டும். எனவேதான் மருத்துவ உலகம் 'ஒன்று, மூன்று, ஆறு' என்னும் நெறியை வகுத்துள்ளது. பிறந்து ஒரு மாதத்திற்குள் செவியைச் சோதிக்க வேண்டும். ஐயம் இருந்தால் மூன்று மாதத்திற்குள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். ஆறு மாதத்திற்குள் உதவியைத் தொடங்க வேண்டும்.

இச்சோதனை குழந்தைக்கு வலி தராது. குழந்தை உறங்கும்போது காதில் சிறு கருவியைப் பொருத்தி மெல்லிய ஒலியைச் செலுத்துவர். நலமான உட்செவி அதற்கு மிக நுண்ணிய எதிரொலியை எழுப்பும். கருவி அதனைப் பதிவு செய்யும். எதிரொலி வராவிட்டால் தலையில் உணர்விகளை ஒட்டி, ஒலி மூளையைச் சென்றடைகிறதா என்று ஆராய்வர்.

கேமரன் மலைவாசிகளுக்குத் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை முதல் வாசலாகும். காது, மூக்கு, தொண்டைச் சிறப்பு மருத்துவர்களையும் செவித்திறன் வல்லுநர்களையும் காண வேண்டுமாயின் ஈப்போ போன்ற நகருக்குச் செல்ல நேரும். மாநிலத் தலைநகரான குவாந்தானைவிட, பேராக் மாநிலத்தின் ஈப்போவே மலைக்கு அருகில் உள்ளது. ஆயினும், வளைந்து நெளிந்து இறங்கும் மலைப்பாதையில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். திரும்பி வர இரண்டு மணி நேரம். ஒரு சந்திப்புக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியுள்ளது. செவித்துணைக் கருவியோ ஒரே நாளில் முடியும் காரியமன்று. வளரும் குழந்தையின் காதுக்கேற்ப அச்சை மாற்ற வேண்டும். ஒலியளவைத் திருத்த வேண்டும். பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். அறுவைச் சிகிச்சையின்மூலம் உட்செவியில் கருவி பொருத்தும் சிகிச்சையும் நம் நாட்டில் உள்ளது. அதன் பயனும் பின்னர் ஆண்டுக்கணக்கில் மேற்கொள்ளப்படும் பயிற்சியைச் சார்ந்தே இருக்கிறது. எனவே, மலைத்தோட்டக் குடும்பத்திற்கு முதல் சோதனையைவிடத் தொடர்ந்து செல்வதே பெரிய சோதனையாகிறது.

இங்கேதான் அக்கம்பக்கத்தாரின் உதவி தொடங்குகிறது. மலையிறங்கும் வாகனத்தில் ஓர் இடம் கொடுப்பதும், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், சந்திப்பு நாளில் விடுப்புக்கு வழி செய்வதும் சிறு உதவிகளாகத் தோன்றலாம். ஒரு குழந்தையின் மொழி அவற்றைச் சார்ந்திருக்கலாம்.

ஓர் அட்டை திறக்கும் கதவுகள்

செவித்திறன் குறைபாடு உறுதி செய்யப்பட்டதும் குடும்பத்தினர் செய்ய வேண்டிய முதற்பணி, சமூக நல இலாகாவில் பதிவு செய்வதாகும். அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளை ஏழு பிரிவுகளாகப் பதிவு செய்கிறது. செவித்திறன் குறைபாடு அவற்றுள் ஒன்று. மருத்துவர் சான்றளித்த படிவத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பதிவு உறுதியானதும் 'ஓகேயூ அட்டை' எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை வழங்கப்படும்.

இந்த அட்டை பல கதவுகளைத் திறக்கிறது. அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணச் சலுகை, ரயில் பயணக் கட்டணக் கழிவு, வருமான வரி விலக்கு ஆகியவை கிடைக்கும். செவித்துணைக் கருவி போன்ற துணைக்கருவிகளை வாங்கச் சமூக நல இலாகாவிடம் உதவி கோரலாம். குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாந்திர உதவித்தொகைத் திட்டம் உண்டு. சிறப்புக் கல்வி பயிலும் மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் வழங்குகிறது.

சில குடும்பங்கள் இந்த அட்டையை எடுக்கத் தயங்குகின்றன. 'என் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே' என்ற அச்சமே காரணம். அட்டை பிள்ளையின் குறையைப் பறைசாற்றுவதற்காக உருவாக்கப்பட்டதன்று. சட்டம் அப்பிள்ளைக்கு உரியதென்று கூறுவதைக் கேட்டுப் பெறுவதற்கான சான்று அது.

அச்சட்டம், 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமாகும். 685ஆம் சட்டம் என்றும் அதனைக் குறிப்பிடுவர். கல்வி, சுகாதாரம், வேலை, போக்குவரத்து, தகவல் ஆகியவற்றைப் பெறும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்று அது கூறுகிறது. அலுவல் நடவடிக்கைகளில் மலேசியச் சைகை மொழியைப் பயன்படுத்துவதை ஏற்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. 2010ஆம் ஆண்டில் மலேசியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது.

பள்ளித் திடலில் பிறந்த மொழி

சைகை மொழி எங்கிருந்து வந்தது? அதன் கதை சுவையானது. 1954ஆம் ஆண்டில் பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பயின்றனர். பேச்சு மொழியைக் கற்பிப்பதே அன்றைய நோக்கம். பிறர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் குரலெழுப்பிப் பேசவும் வகுப்பறையில் பயிற்சி தரப்பட்டது. ஆனால், வகுப்பு முடிந்ததும் திடலிலும் விடுதியிலும் பிள்ளைகளின் கைகள் பேசத் தொடங்கின. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டு வந்த சைகைகள் ஒன்றோடொன்று கலந்தன, புதியவை பிறந்தன, மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றனர். எந்த ஆசிரியரும் கற்பிக்காமல் பினாங்குச் சைகை மொழி இவ்வாறு உருவாயிற்று. மொழி என்பது மனிதனின் எவ்வளவு ஆழமான தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பின்னர் அமெரிக்கச் சைகை மொழியின் தாக்கம் நம் நாட்டில் பரவியது. மலாய் மொழியின் சொல் வரிசையையும் ஒட்டுகளையும் கையால் காட்டும் 'கோட் தாங்ஙான் பஹாசா மலேசியா' என்னும் முறை பள்ளிகளில் பயன்பாட்டுக்கு வந்தது. 1990களின் பிற்பகுதியில் மலேசியக் காது கேளாதோர் சம்மேளனம் அமைந்தது. அதன்பின் காது கேளாதோர் தங்களுக்குள் இயல்பாகப் பேசிவந்த மொழி, 'பஹாசா இசாராட் மலேசியா' என்னும் பெயரில் வலுப்பெற்றது. அதனையே நாம் மலேசியச் சைகை மொழி என்கிறோம்.

சைகை மொழி வெறும் அபிநயமன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. கையின் வடிவம், கை நிற்கும் இடம், அது அசையும் திசை, முகபாவம் ஆகிய அனைத்தும் பொருள் தரும். பேச்சு மொழியில் ஓர் எழுத்து மாறினால் 'பல்' என்பது 'பால்' ஆகிவிடுவதுபோல, சைகையில் கையின் வடிவமோ இடமோ சற்று மாறினால் வேறு சொல் ஆகிவிடும். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்று எண்ணுவதும் தவறு. நாட்டுக்கு நாடு பேச்சு மொழி வேறுபடுவதுபோலச் சைகை மொழியும் வேறுபடுகிறது.

இன்று காது கேளாத மாணவர்கள் சிறப்புக் கல்விப் பள்ளிகளிலோ, பொதுப் பள்ளிகளில் நடைபெறும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்டத்திலோ பயில்கின்றனர். உயர்நிலையில் ஷா ஆலாமிலுள்ள சிறப்புக் கல்வித் தொழிற்கல்விப் பள்ளி போன்றவை கைத்தொழில் திறன்களையும் வழங்குகின்றன. மலைத்தோட்டத்துப் பிள்ளை இத்தகைய பள்ளியில் சேர வேண்டுமாயின், இளம் வயதிலேயே வீட்டைப் பிரிந்து விடுதிக்குச் செல்ல நேரிடலாம். பெற்றோருக்கு அது எளிய முடிவன்று.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சவாலும் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் பிள்ளை கற்பதோ சைகை மொழியும் மலாய் எழுத்தும். விடுமுறையில் வீடு திரும்பும்போது பிள்ளையின் கை நிறைய மொழி இருக்கும். அதைக் கேட்டு மறுமொழி சொல்ல வீட்டில் ஆள் இருக்க மாட்டார். பள்ளியில் நடந்த வேடிக்கையைப் பாட்டியிடம் சொல்ல முடியாது. பாட்டி சொல்லும் பழங்கதையைப் பிள்ளை அறிய முடியாது. காது கேளாத பிள்ளைகளுள் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். எனவே, பிள்ளை மட்டும் சைகை மொழியைக் கற்றால் போதாது. தாய், தந்தை, அண்ணன், தங்கை, பாட்டி என வீடே கற்க வேண்டும். அவ்வாறு கற்றால் குடும்பக் கதையும் உறவுமுறையும் பண்டிகையின் பொருளும் அப்பிள்ளைக்கும் சொந்தமாகும்.

திருவள்ளுவர் 'கேள்வி' என்னும் தலைப்பில் ஓர் அதிகாரமே படைத்துள்ளார். கற்றறிந்தோர் கூறுவது நம்மை வந்தடைய வேண்டும் என்பதே அதன் கருத்து. அது செவி வழியே வர இயலாதவருக்குக் கண் வழியே வரட்டும்.

வேலையிடமும் செவியும்

செவித்திறன் இழப்பு பிறவியில் மட்டும் வருவதன்று. பேரிரைச்சலில் பல்லாண்டு வேலை செய்வோருக்கும் அது மெல்ல மெல்ல வரும். தோட்டங்களில் புல்வெட்டும் இயந்திரம், இருவர் பிடித்துக் கொழுந்து வெட்டும் இயந்திரம் ஆகியவை பயன்படுகின்றன. தொழிற்சாலைகளில் கொழுந்தை வாடவைக்கும் விசிறிகளும் உருட்டும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் ஓடுகின்றன. இரைச்சல் உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கால் அணுக்களைச் சிதைக்கிறது. அவை மீண்டும் முளைப்பதில்லை. வலியின்றி வரும் இழப்பாதலால் பலர் அதைக் காலங்கடந்தே உணர்கின்றனர்.

2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இரைச்சல் தொடர்பான விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலைநாளில் ஒரு தொழிலாளி சராசரியாக 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலுக்கு ஆளாகக்கூடாது. இரைச்சல் மிகுந்த இடத்தில் முதலாளி அதனை அளந்தறிய வேண்டும். காதுக் கவசம் வழங்க வேண்டும். தொழிலாளரின் செவித்திறனைச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வேலையினால் செவித்திறனை இழந்தவர் சொக்சோ அமைப்பிடம் இழப்பீடு கோரலாம். 'கவசம் போட்டால் காது வியர்க்கிறது' என்று கழற்றி வைப்பது, பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்கும் வாய்ப்பைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

செவித்திறன் குறைந்தோருக்கு வேலை தருவதிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. பொதுச்சேவைப் பணியிடங்களில் ஒரு விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் கொள்கை உள்ளது. 2016ஆம் ஆண்டில் கோலாலம்பூர், பங்சாரில் பன்னாட்டுக் காப்பிக் கடை நிறுவனம் ஒன்று காது கேளாத ஊழியர்களைக் கொண்ட கிளையைத் திறந்தது. வாடிக்கையாளர் பட்டியலைச் சுட்டிக்காட்டியோ எழுதியோ கேட்கலாம். எண் திரையில் தோன்றும். கடையின் நடைமுறை சற்றே மாறியது. ஊழியர்களின் குறை ஒரு தடையாகவே இல்லாமற்போயிற்று.

சைரன் ஒலிக்கும் இரவு

மலைப்பகுதியில் இன்னொரு பெருங்கவலை உண்டு. 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கனமழை பெய்தது. நள்ளிரவு நேரத்தில் ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மண்சரிவும் திடீர் வெள்ளமும் கேமரன் மலைக்குப் புதியவையல்ல. அத்தகைய வேளையில் எச்சரிக்கை பெரும்பாலும் ஒலியாகவே வருகிறது. சைரன் முழங்கும்; அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவர்; 'ஓடுங்கள்' என்று கத்துவர். இவற்றுள் எதுவும் உறங்கிக் கொண்டிருக்கும் காது கேளாத ஒருவரை எழுப்பாது.

எனவே, எச்சரிக்கை கண்ணுக்கும் உடலுக்கும் எட்டும்படி அமைய வேண்டும். ஒளிரும் விளக்கு, தலையணைக்கு அடியில் அதிரும் கடிகாரம், கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆகியவை பயன்படும். பேசாமலேயே 999 அவசரச் சேவையை நாட உதவும் கைப்பேசிச் செயலியைப் பற்றியும் குடும்பத்தினர் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். இவற்றைவிட உறுதியானது ஒன்றுண்டு. இந்த வரிசை வீட்டில் காது கேளாத ஒருவர் இருக்கிறார், ஆபத்து நேர்ந்தால் அவரைத் தொட்டு எழுப்பி அழைத்து வரும் பொறுப்பு இன்னாருடையது என்று தோட்ட மக்கள் முன்னரே முடிவு செய்து வைப்பதே அது.

மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் வேறொரு சிக்கல் எழும். பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் தேவையைவிடக் குறைவு. நகரங்களைத் தாண்டினால் கிடைப்பது மேலும் அரிது. அதனால் தாயோ தங்கையோ மொழிபெயர்க்க வேண்டியுள்ளது. வளர்ந்த ஒருவர் தம் நோயை மருத்துவரிடம் தனிமையில் கூற முடியாமற்போகிறது. தொலைக்காட்சிச் செய்தியின் ஓரத்தில் நின்று கையசைக்கும் மொழிபெயர்ப்பாளரை நாம் பார்த்திருப்போம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் அன்றாடச் செய்தியாளர் கூட்டங்களிலும் அவர்கள் இடம்பெற்றனர். அத்தகையோர் இன்னும் பலர் தேவை. சைகை மொழியைக் கற்கும் தமிழ் மாணவர் ஒருவர் நாளை அப்பணிக்குச் செல்லலாம்.

ஊரே பேசினால்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் பெங்காலா என்னும் சிற்றூர் உள்ளது. ஏறக்குறைய 3,000 பேர் வாழும் அவ்வூரில் காது கேளாதவர்கள் 40 பேர் அளவில் உள்ளனர். பல தலைமுறைகளாக அங்கே பரம்பரைச் செவித்திறன் குறைபாடு இருந்து வருகிறது. அவ்வூரார் அதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. காது கேட்பவர்களுள் பெரும்பாலோரும் ஊரின் சைகை மொழியை அறிந்து வைத்துள்ளனர். 'காத்தா கோலோக்' என்பது அதன் பெயர். வயலிலும் கடையிலும் கோயில் சடங்கிலும் அம்மொழி புழங்குகிறது. அங்கே காது கேளாமை உண்டு, தனிமை குறைவு.

தேயிலைத் தோட்டமும் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்தான். திருமணமானாலும் துக்கமானாலும் ஒன்றுகூடும் வழக்கம் அங்கே உண்டு. அந்த உறவு உணர்வோடு ஐம்பது சைகைகளைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஒருவரின் உலகம் விரிந்துவிடும். நம் நாட்டில் 1984ஆம் ஆண்டில் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கப்பட்ட சமூக மறுவாழ்வுத் திட்டமும் இந்த எண்ணத்தின் அடிப்படையில் அமைந்ததே. மாற்றுத்திறனாளியைத் தொலைவிலுள்ள நிலையத்திற்கு அனுப்பாமல், அவர் வாழும் ஊரிலேயே குடும்பத்தாரும் ஊராரும் இணைந்து பயிற்சி தர வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம்.

மாணவர்களாகிய நாமும் இன்றே சிலவற்றைச் செய்யலாம்:

1. காது கேளாதவரை அழைக்கத் தோளை மெல்லத் தொடலாம், கையை அசைக்கலாம், விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம்.

2. முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, இயல்பான வேகத்தில் பேச வேண்டும். கத்துவதால் பயனில்லை, கத்தும்போது உதட்டசைவு திரிந்துவிடும்.

3. புரியாவிட்டால் எழுதிக் காட்டலாம். 'ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. எல்லாரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் அமர்ந்திருப்பது மிகவும் வலிக்கும்.

4. உடன் வந்தவரிடம் 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காமல், அவரையே பார்த்துக் கேட்க வேண்டும்.

5. மலேசியச் சைகை மொழியின் விரலெழுத்துகளைக் கற்கலாம். ஒரே கையால் காட்டப்படும் 26 எழுத்துகளைச் சில நாள்களில் பழகிவிடலாம். காது கேளாதோர் அமைப்புகள் நடத்தும் வகுப்புகளும் காணொலிகளும் உதவும்.

6. பள்ளிக் கழகத்தின்வழி செப்டம்பர் 23ஆம் நாள் அனைத்துலகச் சைகை மொழிகள் நாளையும், மார்ச் 3ஆம் நாள் உலகச் செவித்திற நாளையும் கொண்டாடலாம். காது கேளாத ஒருவரையே அழைத்து மொழியைக் கற்பிக்கச் சொல்வது சிறப்பு.

சட்டம் உரிமையைத் தரும். மருத்துவமனை கருவியைத் தரும். பள்ளி எழுத்தைத் தரும். சமூக நல இலாகா அட்டையையும் உதவித்தொகையையும் தரும். இவை அனைத்தும் தேவை. இவற்றைப் பெறுவதற்கு மலைத்தோட்டக் குடும்பம் நெடுந்தொலைவு செல்கிறது. ஆனால், மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து 'இன்று என்ன நடந்தது?' என்று கையால் கேட்பதற்கு எங்கும் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் நாமே அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.